ஒரு நூல் அசைவு

மேஸ்திரியின் மூச்சு நின்றபோது கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: தலைமாட்டில் மனைவி. கால்மாட்டில் தங்கை, கையில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்துடன். நர்ஸ் ஒருத்தி, வேலை முடிந்து கிளம்பும் அவசரத்தில் கைப்பையை அதற்குள் தோளில் மாட்டிக்கொண்டவள். எதிர்க்கட்டிலில் மூன்று நாளாகச் சுவரைப் பார்த்தே படுத்திருந்த ஒரு கிழவர். அன்றைக்கு மட்டும் என்ன தோன்றியதோ, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மகன் இல்லை. அவன் பத்தடி தள்ளி, வார்டுக் கழிப்பறையில், சொட்டிக்கொண்டிருந்த குழாயின் தலையைக் கழற்றி வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் குழாய் பத்தொன்பது நாளாகச் சொட்டியது. வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்த மனிதர் பதினெட்டு நாள் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் விடிந்ததும் ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் தூக்கி, "அதை நிறுத்துடா" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது. மகன் எழுந்து போனான். பையில் வாஷர் இல்லாத குழாய்க்காரன் கிடையாது. மாற்றினான், இறுக்கினான், காதை அருகில் வைத்துக் கேட்டான். சத்தமில்லை. திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அத்தையின் கையிலிருந்த ஆரஞ்சுப் பழம் தரையில் கிடந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டிக்குள் அம்மா அழவில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி, முன்னால் இருந்த ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"யார் கேட்டாலும் நெஞ்சுவலின்னு சொல்லு."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? எனக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்ல, மாத்திரையையே விட்டாச்சுன்னு இந்த மனுஷன் தெரு பூரா தம்பட்டம் அடிச்சிட்டு வந்தாரு. இப்பப் போய் ரத்தம்னு சொன்னா என்ன கேப்பாங்க? நீ என்னத்தப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. டெஸ்ட் எடுக்கமாட்டேன்னு அடம்பிடிச்ச ஆளுங்கன்னு வர்றவங்க ஒவ்வொருத்தருக்கா நான் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கணுமா? நெஞ்சுன்னா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"அண்ணி சொல்றது சரிதான்" என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நெஞ்சுன்னா மேல கேள்வியே வராது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் நெஞ்சுலதான் போவாங்க."

"சரிம்மா" என்றான் மகன். விரல் இடுக்கில் குழாய்க் கறுப்பு ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

எடுக்கவில்லை என்று அம்மா நினைத்த அந்த டெஸ்ட், மாத்திரையை விட்ட மூன்றாம் மாதத்து டெஸ்ட், உண்மையில் எடுத்தாகியிருந்தது. அந்தக் காகிதம் வீட்டில், சாமான் அறையில், பம்புப் பெட்டியின் அடியில் நாலாக மடித்துக் கிடந்தது. விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அம்மா பிடித்திருந்த பெட்டிக்குள் இருந்தார்.

புதுக் கட்டடத்தில் குழாய் போட்டு முடித்ததும் ஒரு சோதனை உண்டு. எல்லா வாய்களையும் அடைத்துவிட்டுக் கைப்பம்பால் தண்ணீரை அழுத்தி ஏற்றுவார்கள். அழுத்தம் காட்டும் கேஜில் ஊசி பத்துக்கு வந்ததும் வால்வை மூடிப் பம்பைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு வேலை ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான். ஒரு பகலும் ஒரு இரவும் ஊசி அங்கேயே நின்றால் எங்கும் ஒழுகவில்லை என்று பொருள். இறங்கினால் சுவருக்குள் எங்கோ நீர் கசிகிறது. குளிருக்கு ஊசி ஒரு நூல் அசையும். அதை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சுவரை உடைக்க வேண்டும்.

கேஜ் கீழ்த்தளத்தில் இருக்கும். மேஸ்திரி மொட்டைமாடியில் இருப்பார். மேலேயிருந்து கத்துவார்: "நிக்குதா?" கீழேயிருந்து மகன் கத்துவான்: "நிக்குது!" அவ்வளவுதான் சோதனை. மேலே இருப்பவர் தானே இறங்கி வந்து ஊசியைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கீழே நிற்பவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான். அந்தத் தொழிலில் இது எழுதாத சட்டம். பதினைந்து வருஷத்தில் அப்பா ஒரு முறைகூட இறங்கி வந்ததில்லை.

ரத்தப் புற்று என்று தெரிந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். டாக்டரம்மா படபடக்கவில்லை. இது மெதுவாகப் போகிற வகை, தினம் ஒரு மாத்திரை, அடங்கிவிடும் என்றார். அடங்கியது. இரண்டாவது வருஷ முடிவில், தேடிப் பார்த்தாலும் அகப்படவில்லை என்று காகிதம் வந்தது. அன்றைக்கு அம்மா தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு டீ கொடுத்தாள்.

ஆனால் மாத்திரை சும்மா விடவில்லை. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் பன்னு மாதிரி வீங்கியிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். விரல்களைத்தான் பொறுக்க முடியவில்லை. ஸ்பானரைப் பிடித்தால் விரல் அப்படியே இழுத்துப் பூட்டிக்கொள்ளும். இன்னொரு கையால் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாள் ஏணி மேல் நிற்கும்போது ஸ்பானர் நழுவி, வீட்டுக்கார அம்மாளின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரையோட்டை இரண்டாகப் பிளந்தது. அந்த அம்மாள் அடுத்த வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே அப்பா டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தார். மகனும் கூட இருந்தான்.

"மாத்திரையை விட்டுடலாம்னு இருக்கேன் மேடம்."

"சில பேருக்கு விடலாம். அதுவே நல்லாவும் இருக்கு. ஆனா உங்களுக்கு இப்பவே இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இதே மாதிரி நின்னுச்சுன்னா நானே நிறுத்தறேன். இப்ப நிறுத்தினா பாதிப் பேருக்கு மேல திரும்பி வந்துடுது."

"மேடம், பம்பைக் கழட்டாம லைன் ஒழுகுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பம்பு ஓடிக்கிட்டே இருந்தா ஓட்டைப் பைப்பும் நல்ல பைப் மாதிரிதான் நிக்கும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நல்லாத்தான் பேசறீங்க. கழட்டினப்புறம் கேஜ் பக்கத்துல யாராவது நிக்கணுமே. யார் நிப்பாங்க?"

அப்பா மகனின் தோளில் கை வைத்தார். "இவன் நிப்பான்."

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். ஒரு காகிதத்தில் 0.1 என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு மகனிடம் கொடுத்தார். "எனக்கு இதுல சம்மதமில்ல. ஆனா நீங்க எப்படியும் நிறுத்தத்தான் போறீங்கன்னு தெரியுது, அதனால சொல்றேன். மாசாமாசம் டெஸ்ட். ரிசல்ட் இந்த நம்பரைத் தாண்டினா அன்னைக்கே இங்க வரணும், அன்னைக்கே மாத்திரை. அப்படி வந்தா பெரும்பாலும் மறுபடி அடங்கிடும். தாண்டினப்புறம் பார்க்கலாம் பார்க்கலாம்னு உட்கார்ந்திருந்தா என் கையில ஒண்ணும் இல்ல."

வீட்டில் அம்மா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள், "நல்லா இருக்கறதுல எதுக்குங்க கை வைக்கிறீங்க?" என்றாள். அப்பா வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் அப்போதும் பாதி மடங்கியே இருந்தன. அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ பார்த்துக்குவியா?"

"பார்த்துக்கறேம்மா."

"மாசம் தவறாம?"

"தவறாம."

"நான் உன்னைத்தான் கேப்பேன், இவரைக் கேக்கமாட்டேன்" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. அன்றைக்கு இரவும் அப்பா வழக்கம்போல வாசற்கதவைப் பூட்டினார். அந்தப் பூட்டு அவர் கையால் மாட்டியது. ஒரு சுற்றுச் சுற்றினால் வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கலாம். இரண்டாவது சுற்றும் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் திறந்தால்தான் உண்டு. அதனால் தினமும், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டு, ஆளை எண்ணிய பிறகே இரண்டாவது சுற்று.

முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதமும் ஒன்றுமில்லை. அப்பாவின் முகம் பழைய அளவுக்கு வற்றியது. விரல் நீட்டினால் நீண்டது. சாப்பாட்டுத் தட்டை ஒற்றைக் கையில் ஏந்தி அம்மாவுக்கு வேடிக்கை காட்டினார். பூனையைக் கூட நிற்க வைத்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்.

மூன்றாம் மாதம் காகிதத்தை வாங்கியவன் லேப் வாசலிலேயே பிரித்தான். 0.14.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையிடத்துக்குப் போனான். ஒன்பது மாடிக் கட்டடம், லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை. கீழ்த்தளத்தில் கேஜ் பக்கத்தில் போய் நின்றபோது போன் அடித்தது. மொட்டைமாடியிலிருந்து அப்பா. காற்று இரைந்தது.

"டேய், ஒம்பது மாடியும் ஏறிட்டேன்டா. நடுவுல ஒரு இடத்துல உட்காரல. ஒரே மூச்சு." குரல் இருபது வயசுக்காரன் குரல் மாதிரி இருந்தது. "லேபுக்குப் போனியா? எப்படி? நிக்குதா?"

மகன் எதிரில் இருந்த கேஜைப் பார்த்தான். அது பத்தில் ஆடாமல் நின்றது.

"நிக்குதுப்பா" என்றான். "குளிருக்கு ஒரு நூல் அசைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

"ஒரு நூல்தானே. விடு" என்றார் அப்பா.

அவர் இறங்கி வந்து பார்க்கவில்லை. என்ன எண் என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், திரும்ப எடுத்தால் குறைந்தே இருக்கும் என்று மகன் நினைத்தான். அப்படி நினைத்தது பொய்யில்லை. ஆனால் அடுத்த மாதம் வேலை நெருக்கியது. டாக்டரம்மாவின் இடத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. வருகிறோம் என்று இரண்டு முறையும் சொன்னான். ஐந்தாம் மாதம் அப்பா பல் தேய்க்கும்போது துப்பியது சிவப்பாக இருந்தது. தொடையில் யாரோ மிதித்த மாதிரி நீலம் நீலமாக. பிறகு காய்ச்சல்.

வார்டில் டாக்டரம்மா கட்டிலருகே நின்றபடி கேட்டார்: "மெதுவா போற வகை இப்படி ஒரேயடியா மாறறது ரொம்ப அபூர்வம். அதுக்கு முன்னாடி ஏதாவது காட்டியிருக்கணும். மூணாம் மாச ரிப்போர்ட் எங்க?"

அம்மாவும் அங்கே நின்றாள். மகன் சொன்னான், "எடுக்கல மேடம்."

"ஏன்டா எடுக்கல?" என்றாள் அம்மா. குரல் ஏறியது. "உன்னைத்தானேடா கேட்டேன். ஏன்டா எடுக்கல?"

அப்பா மகனைப் பார்த்தார். ரொம்ப நேரமெல்லாம் இல்லை, ஒரு கொட்டாவி விடும் நேரம். பிறகு அம்மாவிடம் சொன்னார், "அவனைக் கேக்காத. நான்தான் வேணாம்னேன்."

அதற்குப் பின் இருந்த நாட்களில் அம்மா அவருக்கு வாய் துடைத்துவிட்டாள், கால் பிடித்துவிட்டாள், போர்வை மாற்றினாள். ஆனால் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. "சொன்னா கேக்கற ஆளா இருந்தாத்தானே" என்று கஞ்சியை ஊட்டினாள். "எல்லாம் தெரிஞ்ச மேஸ்திரி" என்று தலையணையைத் தட்டிப் போட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மகன் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவான். வந்து, மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவான்.

மூன்று மணிக்கு எடுத்துப் போனார்கள். ஐந்துக்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் நெஞ்சு என்று கேட்டுக்கொண்டு, எல்லாரும் நெஞ்சில் போன தங்கள் வீட்டு ஆள் ஒருவரைச் சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வாசலில் மாமா, அம்மாவின் அண்ணன், வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தை கூடத்தைப் பெருக்கினாள். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு டம்ளர்களைக் கழுவினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை, நானே கழுவுகிறேன் என்றாள்.

தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்றது. காலிப் பஸ். காக்கிச் சட்டை போட்ட ஓட்டுநர் இறங்கி, இடது காலைக் கொஞ்சம் உதறிவிட்டு, நடந்து வந்தார். நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வீட்டுல விசேஷமா?"

மாமா நாற்காலியைக் கையில் பிடித்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருங்க நீங்க?"

"மேஸ்திரியோட சகலைங்க."

அத்தை துடைப்பத்தோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "சகலையா? எங்க அண்ணிக்குக் கூடப் பிறந்த பொம்பளையே கிடையாது. எந்த வழியில சகலை?"

மகன் வெளியே வந்தான். அவனுக்கு ஆளைத் தெரியும். டாக்டரம்மாவின் காத்திருப்பு அறையில் இரண்டு வருஷம் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி. அதே நோய், அதே மாத்திரை. ரெண்டு பேரும் ஒரே மாத்திரையைக் கட்டிக்கிட்டு அவஸ்தைப்படறோம், அப்ப சகலைதானே என்று அப்பா வைத்த உறவு அது. சகலை என்றால் மகனுக்குச் சித்தப்பா ஆகவேண்டும் என்று, அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்.

"சித்தப்பா" என்றான் மகன். "அப்பா போயிட்டாரு. இன்னைக்குக் காலையில."

ஓட்டுநர் நாற்காலி அடுக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எதுல?" என்றார். மெல்லத்தான் கேட்டார்.

"நெஞ்சுவலி" என்றாள் அத்தை. "திடீர்னு."

"நெஞ்சா? ரத்தம் இல்லையே?"

"ரத்தமெல்லாம் எப்பவோ சரியாப்போச்சே. நெஞ்சுதான்."

"அப்பாடா" என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டு, தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்கோங்கம்மா. நான் வேற ஒண்ணை நினைச்சு... மன்னிச்சுக்கோங்க." அத்தை கொடுத்த டீயை வாங்கி, சூடு பார்க்காமல் ஒரே இழுப்பில் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. சூட்டுக்கா, மேஸ்திரிக்கா என்று சொல்ல முடியாது.

"தம்பி, ரெண்டு நிமிஷம். தனியா."

மகன் அவரைச் சாமான் அறைக்குக் கூட்டிப் போனான். சமையலறையை ஒட்டிய அறை. நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைதான். குழாய்த் துண்டுகள், வால்வுகள், மூலையில் கைப்பம்பு. திரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தமும் டம்ளர் உருளும் சத்தமும் கேட்டன.

ஓட்டுநர் கவிழ்த்திருந்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். லேபின் பெயர் மேலே நீலத்தில் இருந்தது. மகனுக்கு அந்த நீலம் தெரியும்.

"மேஸ்திரிகிட்ட காட்டலாம்னுதான் வந்தேன். நான் மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆகப்போகுது. டாக்டரம்மாவுக்குத் தெரியாது. என்ன பண்றது தம்பி, கிளட்ச் மேல காலை வச்சா கெண்டைக்கால் இழுத்துக்குது. பின்னாடி நாப்பது பிள்ளைங்க. ஒரு நாள் சிக்னல்ல காலை எடுக்கவே முடியல, பாட்டு பாடிட்டு இருந்த பிள்ளைங்க எல்லாம் அமைதியாயிடுச்சு. அப்பதான் உங்கப்பா போன் பண்ணாரு. சகலை, ஒம்பது மாடி ஏறிட்டேன்னாரு. டெஸ்ட் என்ன சொல்லுதுன்னேன். நிக்குது, என் பையனே பார்த்துட்டான், குளிருக்கு ஒரு நூல் அசைஞ்சிருக்கு, அவ்வளவுதான்னாரு. அன்னைக்கே டப்பாவை மூடி வச்சிட்டேன்."

காகிதத்தை நீட்டினார். மகன் வாங்கிப் பார்த்தான். 0.3.

"இதுவும் குளிருக்கு அசையறதுதானே?"

"டாக்டரம்மாகிட்ட காட்டுங்க சித்தப்பா."

"போனா திட்டுவாங்க. மறுபடி மாத்திரையைக் கையில கொடுப்பாங்க. அடுத்த மாசம் பள்ளிக்கூடம் லீவு, அப்பப் போறேன். அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல? நீங்க சொல்லுங்க, போதும். உங்கப்பா காகிதத்தைப் பார்த்தது நீங்கதானே. அவருக்கு ஒண்ணும் ஆகலையே. நெஞ்சுலதானே போனாரு."

மகன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் சந்தோஷமாக எழுந்து போய்விடுவார். பஸ் கிளம்பிவிடும். மாமா நாற்காலிகளை அனுப்பிவிடுவார். அம்மா டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து படுப்பாள். அப்பா ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு போயாகிவிட்டது.

குனிந்து பம்புப் பெட்டியை நகர்த்தினான். அடியிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து, ஓட்டுநர் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது அப்பாவோட மூணாம் மாசக் காகிதம்" என்றான். "நெஞ்சு இல்ல சித்தப்பா. ரத்தம்தான்."

திரைக்கு அந்தப் பக்கம் குழாய் நின்றது.

வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். மகன் குழாய்க்காரன். சொட்டில்லாமல், இறுக்கமாக, ஒரே திருகில் மூடிய சத்தம் அவனுக்குக் கேட்டது. அம்மா அங்கே கையில் டம்ளரோடு நிற்கிறாள். இப்போதுகூட நிறுத்திவிடலாம். மிச்சத்தை வாசலில் போய்ச் சொல்லலாம், பஸ்ஸில் போய்ச் சொல்லலாம்.

"இது பாயிண்ட் ஒன் ஃபோர்" என்றான், குரலைத் தணிக்காமல். "உங்களுதுல பாதிகூட இல்ல. டாக்டரம்மா போட்ட கோட்டைத் தாண்டியிருந்தது, எனக்கு நல்லாத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அவரு மேல நின்னுக்கிட்டு நிக்குதான்னு கேட்டாரு. நிக்குதுன்னேன். குளிருக்கு ஒரு நூல்னு சொன்னது நான். அவரு டெஸ்ட் வேணாம்னு சொன்னதே இல்ல. அது எனக்காகச் சொன்ன பொய்."

ஓட்டுநர் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவின் காகிதத்தில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"எத்தனை மாசம்?" என்றார்.

"இந்தக் காகிதம் வந்து மூணு மாசம்கூட ஆகல."

வாசலில் மாமா, "பதினெட்டு, பத்தொம்பது... ஒரு நாற்காலி எங்கயோ குறையுதே" என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா ஏழு மணி வரைக்கும் இருப்பாங்க" என்றான் மகன். "எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. உடனே போனா அடங்கிடும்னு அவங்களே சொன்னாங்க. கால் இழுக்கறதையும் சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கான்னு கேப்போம். நானும் வர்றேன். இந்தக் காகிதத்தை அவங்ககிட்டயும் காட்டணும்."

"இன்னைக்கா? வீட்டுல இப்படி இருக்கறப்பவா?"

"இன்னைக்கேதான்."

ஓட்டுநர் எழுந்தார். திரையை விலக்கிக்கொண்டு இருவரும் சமையலறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அம்மா மேடையருகே நின்றாள். கழுவாத டம்ளர்கள் இன்னும் நாலைந்து இருந்தன. முந்தானை நனைந்திருந்தது. ஓட்டுநர் கும்பிட்டார். அம்மா அவருக்குத் தலையசைத்தாள். மகனை அவள் பார்க்கவில்லை. அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அம்மா, போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன்."

"டெஸ்ட் எடுத்தியா?" என்றாள்.

"எடுத்தேம்மா."

"அந்தக் கஞ்சியைக்கூட ஒரு நாள் நல்லபடியா ஊட்டல நான்" என்றாள் அம்மா. அவனிடம் சொன்ன மாதிரியும் இல்லை. திரும்பிக் குழாயைத் திறந்தாள். டம்ளர் எதையும் எடுக்கவில்லை. தண்ணீர் சும்மா விழுந்தது.

கூடத்தில் அத்தை துடைப்பத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "எங்கடா போற இப்ப?" என்று கேட்கவில்லை. வழிவிட்டாள். மாமா அடுக்கிய நாற்காலிகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். குறைந்த அந்த ஒரு நாற்காலி அப்பா படுத்திருந்த இடத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்ததாம், எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

வெளியே வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. தெரு விளக்குகள் ஏற்றவில்லை. பஸ் முனையில் மஞ்சளாக நின்றது. ஓட்டுநர் முன்னால் நடந்தார், இடது காலைப் பார்த்துப் பார்த்து வைத்து. மகன் வாசற்படியில் செருப்பைத் தேடினான். வந்துபோனவர்களின் கால்கள் பட்டு ஒன்று இந்த மூலையிலும் ஒன்று அந்த மூலையிலும் கிடந்தன. ஒன்றைப் போட்டான். இன்னொன்றுக்குள் காலை நுழைத்தான்.

உள்ளே குழாய் நின்றது. கூடத்தின் குறுக்கே காலடி வரும் சத்தம் கேட்டது. அம்மாவின் நடை. அவன் திரும்பவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது.

பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டில் சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. அவன் படியிலேயே நின்றான்.

பஸ்ஸின் பக்கத்திலிருந்து ஓட்டுநர் கூப்பிட்டார்.

சாவி இரண்டாவது சுற்றும் சுற்றியது.